தொடாத பந்து

— நீ கையை அந்தப் பக்கம் காட்டுனியா இல்லியா, அதை மட்டும் சொல்லு!

— காட்டுனேன். ஆனா அக்கா, அதுக்கு முன்னாடி என்ன நடந்—

— முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். நம்ம ஊரு சட்டர்ஸ் ரன்ல பொறந்து, சட்டர்ஸ் ரன் தண்ணியக் குடிச்சு வளந்தவன், பந்தைத் தூக்கி ஹார்மன்வில்காரன் கையில குடுத்தியா இல்லியா?

— நான் எங்க குடுத்தேன்? அவன் மேல விழுந்து எடுத்தான். ரெஃப்ரி நான், கையைக் காட்டுனேன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானாம்! ஒரு வாரமா தெருவுல தலை காட்ட முடியல, எமில். 'அந்த ரெஃப்ரி உன் தம்பிதானே, பெர்னி'ன்னு கேக்குறாங்க. ரொட்டிக் கடைக்காரி மீதிச் சில்லறையக் கையில குடுக்காம மேசையில வெச்சுட்டுப் போறா.

— என் கதை அதைவிட மோசம். செவ்வாக்கிழமை முக்கால்வாசி நேரம் நாற்காலி காலி. பல்லு காட்ட ரெண்டே பேருதான் வந்தாங்க. ஒருத்திக்குக் காது கேக்காது. இன்னொருத்தன் ஊருக்குப் புதுசு.

— மத்தவங்கல்லாம்?

— ஹார்மன்வில்ல இருக்குற பல் டாக்டர்கிட்டப் போறாங்களாம். நம்மளத் தோக்கடிச்ச ஊருக்கே போயி வாயைத் தொறந்து காட்டுறாங்க.

— சிரிக்காத. சிரிச்சின்னா எனக்கும் சிரிப்பு வரும், அப்புறம் நான் சொல்ல வந்தது மறந்து போயிரும். இந்தா, கத்தி. சும்மா நிக்காம அந்தக் கிழங்கைத் தோல் சீவு. ரெண்டு மணிக்கு எல்லாரும் நன்றி நாள் விருந்துக்கு உக்காந்துருவாங்க.

— எத்தனை பேரு?

— வழக்கம்போலத்தான். கஸ்ஸோட அம்மா, அவன் தங்கச்சி குடும்பம், நம்ம சித்தப்பா. உனக்கு எடம் இருக்கா இல்லியான்னு இப்பப் பேசித்தான் முடிவு பண்ணணும்.

— அதுக்குத்தான் காலையிலேயே வரச் சொன்னியா?

— கஸ் சொல்லச் சொன்னான். என் மூஞ்சியப் பாக்காத, இது என் வார்த்தை இல்ல, என் புருஷன் வார்த்தை. வருஷா வருஷம் சாப்பிடறதுக்கு முன்னாடி மேசையச் சுத்தி ஒவ்வொருத்தரும் எதுக்கு நன்றின்னு சொல்லுவோம்ல? உன் முறை வர்றப்ப நீ எழுந்து நின்னு, 'அந்தக் கடைசி உதையில நான் தப்பு பண்ணிட்டேன்'னு சொல்லணும்.

— நன்றி நாள்ல மன்னிப்பா?

— எல்லாரும் கேக்கணும். சித்தப்பா கேட்டா பொழுது சாயறதுக்குள்ள ஊரு முழுக்கக் கேட்ட மாதிரி.

— சொல்லலைன்னா?

— சொல்லலைன்னா உனக்குத் தட்டு இல்ல. சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குதே, காட்டுக் குடிசையில உனக்குக் கட்டிலும் இல்ல. அடுத்த வருஷம் உன் விசிலும் இல்ல. ரெஃப்ரி சங்கத்துக்குப் புகார் குடுக்கணும்னு பசங்களோட அப்பாமாரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுறாங்க. கஸ்தான் 'இருங்க, என் மச்சான் தானா ஒத்துக்குவான்'னு நிறுத்தி வெச்சிருக்கான்.

— பெரிய மனசுதான்.

— நக்கல் பண்ணாத. திங்கக்கிழமை பள்ளிக்கூடக் குழு கூடுது. கஸ்ஸை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஃபுட்பால் கோச்சா வெச்சுக்கலாமா வேணாமான்னு பேசுவாங்க. இந்த ஆட்டம் ஜெயிச்சிருந்தா பேச்சே இல்ல. தோத்துட்டோம். ஆனா ரெஃப்ரி தப்பால தோத்தோம்னா அது வேற, கோச் தப்பால தோத்தோம்னா அது வேற. புரியுதா?

— நல்லாவே புரியுது. ஒண்ணு மட்டும் கேக்குறேன். என்னை அன்னிக்கு யாரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டா? நான் டிக்கெட் வாங்கிட்டு ஓரமா உக்காந்து கடலை தின்னுட்டிருந்தேன். வர்ற வழியில ஒரு ரெஃப்ரியோட வண்டி மான்ல மோதிருச்சு, ஆளு வரல. கஸ்தான் வேலிக்கு வந்து, 'மச்சான், உன் வண்டியில அந்த வரிபோட்ட ரெஃப்ரி சட்டை இருக்குமே, மாட்டிக்கிட்டு வா'ன்னு கெஞ்சுனான். ஹார்மன்வில் கோச்சும் சரின்னான். ஞாபகம் இருக்கா?

— எனக்கெப்படி ஞாபகம் இருக்கும்? நான் எங்க ஆட்டத்தைப் பாத்தேன்? பசங்களோட அம்மாமாரு எல்லாரும் முறை போட்டுக் கடை பாக்கணும். கடைசி ஆட்டம், என் முறை. வாசல் பக்கம் நின்னு சாசேஜும் சூடா சாக்லேட்டும் வித்துக்கிட்டிருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு. முதல்ல ஆஹான்னாங்க, அப்புறம் ஐயோன்னாங்க, அப்புறம் உன் பேரைச் சொல்லித் திட்டுனாங்க.

— திட்டு மட்டும் தெளிவாக் கேட்டிருக்கும்.

— தெளிவா. அம்மாவையும் சேத்துத் திட்டுனாங்க. உன் அம்மா எனக்கும் அம்மாதானே, அதான் கோவம். சரி, அந்த ஒரு உதை மட்டுமா? முதல் பாதியிலேயே நீ ஆரம்பிச்சுட்டியாமே. நம்ம லோகன் பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுனான், பனியில வழுக்கி விழுந்தான், எழுந்து ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிட்டான். நீ விசில் ஊதித் திரும்பக் கூப்பிட்டுட்டியாம். அவனை யாருமே தொடலியேடா!

— தொட வேணாம். முட்டி தரையில பட்டுச்சு, பந்து செத்துப் போச்சு, அதுக்கு மேல ஓடுனது செல்லாது.

— டிவியில எழுந்து ஓடுறாங்களே! ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாக்குறேனே! யாராவது மேல கை வெச்சாத்தான் கணக்கு.

— டிவியில ஓடுறவங்க சம்பளம் வாங்குறவங்க. அவங்களுக்கு வேற சட்டம். பள்ளிக்கூடப் பசங்களுக்கு உள்ளங்கையும் பாதமும் தவிர வேற எது தரையில பட்டாலும் முடிஞ்சுது. யாராவது தள்ளுனாலும் சரி, தானா விழுந்தாலும் சரி. இந்த ஊருல பாதிப் பேரு டிவியப் பாத்துட்டு வந்து எனக்குச் சட்டம் சொல்றாங்க.

— சரி, மஞ்சத் துணிய வீசி நம்ம மேல தப்பு போட்டியே, அது? அந்தப் பந்து ஏணி வெச்சாலும் எட்டாத உயரத்துல போச்சாம். லோகனோட அம்மா சத்தியம் பண்றா. அதைப் புடிக்கப் போன ஹார்மன்வில்காரனை நம்ம பையன் லேசா ஒரு இடி இடிச்சானாம். எட்டாத பந்துக்கு இடிச்சா என்ன, இடிக்காட்டி என்ன?

— பந்து எட்டுமா எட்டாதான்னு பள்ளிக்கூடச் சட்டம் கேக்குறதே இல்ல. பந்து காத்துல இருக்கு. புடிக்க ஓடுறவனை இடிச்சியா? இடிச்ச. துணி விழும். எட்டுமா எட்டாதாங்கறதும் டிவிச் சட்டம்தான்.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்க. அப்ப அந்த இன்னொண்ணு, நம்ம பையன் ஒடம்பு பூரா கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு, புள்ளி குடுக்கலியாமே?

— இங்க பாரு. இந்தக் கிழங்குதான் பந்து. நான் இப்ப உன் சமையல்கட்டு வாசப்படியத் தாண்டி நடந்து போறேன். போயிட்டேனா? நான் எங்க இருக்கேன்?

— கூடத்துல.

— கிழங்கு எங்க இருக்கு?

— பின்னாடி நீட்டுன கையில. சமையல்கட்டுல.

— அதான். காலுக்குப் புள்ளி இல்ல, தலைக்குப் புள்ளி இல்ல. பந்து தாண்டணும். பந்தோட மூக்கு கோட்டுல பட்டாப் போதும், நான் இந்தப் பக்கமே கெடந்தாலும் புள்ளிதான். பையன் பந்தைக் கக்கத்துல பின்னாடி வெச்சுக்கிட்டுத் தலைய முன்னாடி விட்டான். அவ்வளவுதான்.

— உள்ள வா. தோலைக் கூடத்துல சிந்தாத. சரி, இதெல்லாம் நீ சொல்றதுதான் சரின்னே வெச்சுக்கோ. கடைசி உதைக்கு வா.

— கடைசி உதையில நான் தப்பு பண்ணிட்டேன்.

— என்ன?

— தப்பு பண்ணிட்டேன்னேன். மேசையில சொல்லிடறேன். நின்னுக்கிட்டே சொல்றேன். வெண்ணெய் எங்க இருக்கு, இதை வேக வெச்சு மசிச்சுரலாமா?

— கத்திய கீழ வை.

— ஏன்?

— கீழ வைடா. என்னைப் பாரு. சின்ன வயசுல ஈஸ்டர் அன்னிக்கு, அம்மா ஒரே ஒரு சீட்டை மடியில ஒளிச்சு வெச்சதுக்கு ஆட்டத்தையே கலைச்சு விட்டவன் நீ. அம்மா அழுதப்பகூட 'மடியில இருக்குறது செல்லாது'ன்னியே தவிர, சரி போகட்டும்னு சொல்லல. நீ தப்புன்னு ஒத்துக்குற ஆளா? இதுவரைக்கும் மூணுக்கும் வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்ன. நாலாவதுக்கு மட்டும் வெண்ணெய் கேக்குற?

— பசி.

— எமில்.

— விடு அக்கா. உனக்கு என்ன வேணும்? மன்னிப்பு வேணும். குடுக்குறேன்.

— மன்னிப்பு கஸ்ஸுக்குத்தான் வேணும். எனக்கு என்ன நடந்துச்சுன்னு வேணும். வாசல் பக்கம் நின்னவ நான், எனக்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. நீ சொல்லு. நான் யார்கிட்டயும் போயிச் சொல்ல மாட்டேன்.

— நீயா?

— சரி, அடுப்பு மேல சத்தியமா.

— கிழங்கை எடு அப்ப. மூணு புள்ளி பின்னாடி இருந்தோம், அது தெரியும்ல? அவங்க பந்தை வெச்சிருந்தாங்க, ஆனா அவங்க காக்குற கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல. நம்ம பசங்க பாஞ்சு, பந்து வெச்சிருந்தவனை அவங்க கோட்டுக்கு உள்ளேயே போட்டு அமுக்குனாங்க.

— அதுக்குத்தான் ஆஹான்னாங்க.

— அதுக்கு நமக்கு ரெண்டு புள்ளி. இப்ப ஒரே ஒரு புள்ளிதான் பின்னாடி. அதோட, அவங்கதான் பந்தை நமக்கு உதைச்சு அனுப்பணும். அதான் சட்டம். நேரம் கொஞ்சம்தான் இருக்கு. ஆனா நம்ம பையன் பந்தைப் புடிச்சு நாலு எட்டு வெச்சாப் போதும், அப்புறம் கம்பத்துக்கு நடுவுல ஒரு உதை, ஆட்டம் நம்மளுது.

— புடிக்க நின்னது என் புள்ள நேட்.

— நேட்தான். நல்லாத்தான் நின்னான். அவங்க பையன் பந்தைக் கையில புடிச்சு, விட்டு, உதைச்சான். மேல போச்சு. காத்து எதிர்க்காத்து. முன்னாடியே விழுந்து துள்ளுச்சு. நேட் ஓடி வந்தான். கிட்ட வந்தான். குனியக்கூட ஆரம்பிச்சான். அப்புறம் டக்குனு நின்னு, ரெண்டு கையையும் விரிச்சு மத்த பசங்களையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு, பின்னாடி நகந்துட்டான்.

— சரியாத்தானே செஞ்சான்? உதைச்ச பந்து துள்ளுதுன்னா தொடக் கூடாது. தொட்டு நழுவுனா அவங்க எடுத்துக்குவாங்க. நாம தொடலைன்னா அவங்களால எடுத்துக்க முடியாது. அது எங்க நிக்குதோ அங்கேருந்து பந்து நமக்குத்தான். இது எனக்கே தெரியும், இந்த ஊருல பொறந்த எந்தக் கொழந்தைக்கும் தெரியும். நம்மாளு ஒருத்தனும் தொடாத பந்து எப்படிடா அவங்களுது ஆகும்?

— நீ சொல்றது வேற உதை. குடுத்த நாலு வாய்ப்புல பந்தை முன்னேத்த முடியாதவன், போகட்டும்னு உதைச்சுத் தள்ளுவான்ல, அந்த உதைக்கு நீ சொன்னது எல்லாம் சரி. இது அது இல்ல.

— கையில வெச்சுத்தானே உதைச்சான்?

— அதான் ஊரே ஏமாந்துச்சு. பாக்க அப்படியேதான் இருக்கும். ஆனா கோட்டுக்குள்ள மாட்டி ரெண்டு புள்ளி குடுத்தவன் உதைக்குறது, ஆட்டம் தொடங்குறப்ப உதைக்குறாங்களே, அந்த ஜாதி. அதைத் தரையில நட்டும் உதைக்கலாம், கையில வெச்சும் உதைக்கலாம். எப்படி உதைச்சாலும் சரி, பத்து கெஜம் தாண்டிட்டா அது யாருக்கும் பொதுப் பந்து. முதல்ல எவன் எடுக்குறானோ அவனுது. நாம தொட்டோமா தொடலியாங்குறது கணக்கே இல்ல.

— அப்ப… ஹார்மன்வில் பையன்…

— ஓடி வந்தான். பந்து மேல படுத்தான். படுக்குறப்ப அவனுக்கே நம்பிக்கை இல்ல, என் மூஞ்சியத்தான் பாத்தான். நான் கையைக் காட்டுனேன். காட்டித்தான் ஆகணும்.

— அப்ப நீ சரி.

— ம்.

— அப்ப நேட்…

— கிழங்கைப் பாத்துச் சீவு, விரலைச் சீவிக்காத.

— நேட் பந்தை விட்டுட்டுப் போயிட்டான். கைக்கு வந்த பந்தை. ஆட்டத்தையே. ஐயோ, என் தலையெழுத்து! எமில், இது தெரிஞ்சா இந்த ஊரு அவனை விடாது. மில்லு மூடுனதை மறந்தாலும் மறப்பாங்க, இதை மறக்க மாட்டாங்க. அந்தப் பெட்ரோல் பங்க் வயசானவரு இருக்காரே, பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப ஒரு பந்தைக் கீழ விட்டாராம், தலை நரைச்சுப் போச்சு, இன்னும் 'வெண்ணெய்க்கை'ன்னுதான் கூப்பிடுறாங்க.

— தெரியும். அவருக்குப் பல்லு கட்டுனது நான்தான். மயக்கத்துலகூட அந்தப் பந்தைப் பத்தித்தான் பேசுனாரு.

— அதுக்குத்தான் நீ…

— எனக்கு நாப்பத்தெட்டு வயசு. என்னைத் திட்டுனா எனக்கு ஒண்ணும் ஆகாது. பல்லு வலி வந்தா ஹார்மன்வில் வரைக்கும் எத்தனை நாளு போவாங்க? பனி கொட்டுனா திரும்பி வந்துருவாங்க. அவனுக்குப் பதினேழு.

— அவனுக்குத் தெரியுமா? நேட்டுக்கு?

— ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நேரா என் வீட்டுக்கு வந்தான். உக்காரக்கூட இல்ல. 'மாமா, அது பொதுப் பந்துதானே?'ன்னான். பொய் சொல்ல முடியல. ஆமான்னேன். கொஞ்ச நேரம் என் நாயத் தடவிக்கிட்டே இருந்தான். அப்புறம் 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா. முக்கியமா அப்பாகிட்ட'ன்னான்.

— அப்பாகிட்டயா?

— அப்பா திட்டுவாருன்னு பயம்போலன்னு நெனச்சேன்.

— கஸ் இவனைத் திட்டி நான் பாத்ததே இல்ல. மத்த பசங்களைத் திட்டுவான், இவனை மாட்டான். சரி, அது கெடக்கட்டும். இனிமே யார்கிட்டயும் மூச்சு விடாத. மேசையில நீ தப்புன்னே சொல்லு. நல்லா எடுப்பாச் சொல்லு. வான்கோழியில காலு உனக்குத்தான்.

— பத்து நிமிஷம் முன்னாடி தட்டே இல்லைன்ன.

— பேசாம இரு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நேட்டு அசட்டுப் பையன் இல்ல. குனிஞ்சான்னு நீயே சொல்ற. குனிஞ்சவன் ஏன் நிமுந்தான்?

— கத்துனாங்க.

— யாரு?

— நம்ம பக்கம் ஓரத்துலேருந்து. 'விஷம்'னு.

— விஷம்னா விட்டுட்டு ஓடுன்னு அர்த்தம். கஸ் சொல்லிக் குடுத்த வார்த்தை அது. துள்ளுற பந்துகிட்ட யாரும் போயிரக் கூடாதுன்னா பசங்க கத்துவாங்க. யாரு கத்துனது?

— நான் பந்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். பந்தைப் பாக்குறதுதான் என் வேலை.

— காது என்ன பாத்துக்கிட்டிருந்துச்சு?

— மூணு தடவ கேட்டுச்சு. விஷம், விஷம், விஷம்னு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல கேக்காத.

— அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு வர்றப்ப நேட்டை நான் கார்லயே கேட்டேன். கூட்டத்துல யாரோ சொன்னாங்க, யாரோ கத்துனாங்கன்னு. 'யாருடா கத்துனது?'ன்னு கேட்டேன். நேட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'யாரும் கத்தலம்மா. நானாத்தான் விட்டேன்'னான். எனக்கு முன்னாடி கஸ்ஸோட வண்டி போயிட்டிருந்துச்சு. அதோட பின்விளக்கையே பாத்துக்கிட்டு வந்தான். அன்னிக்கு நான் அதைப் பெருசா எடுத்துக்கல. விட்டதுதான் சரின்னு ஊரே சொல்லுச்சே.

— அக்கா, யாரோ வர்றாங்க. மூஞ்சியத் தொடச்சுக்கோ.

— கதவு, கதவு, கதவு! யாராவது கதவைத் தொறங்க, கை நிறைய நாற்காலி! தீயணைப்பு மண்டபத்துலேருந்து எடுத்துட்டு வரேன், பாதி ஆடுது. அடடே மச்சான்! வந்துட்டியா! கிழங்கு சீவுறியா! நல்லது, நல்லது, நல்லது.

— செருப்பக் கழட்டிட்டு வா, கஸ். சேறு.

— கழட்டுறேன், பெர்னி. சொல்லிட்டியா இவன்கிட்ட?

— சொல்லிட்டேன்.

— என்னங்குறான்?

— நேரா என்னையே கேளு கஸ். பக்கத்துலதானே நிக்கிறேன். சொல்லிடறேன்.

— சொல்லிடுவியா? மேசையிலயா? அம்மா முன்னாடியா?

— சித்தப்பா முன்னாடியும்.

— பாத்தியா பெர்னி, நான்தான் சொன்னேனே, இவன் ஆம்பளைன்னு! கையக் குடு மச்சான். தப்பு யாரு பண்ணல? நானும் பண்ணுவேன், எல்லாரும் பண்ணுவாங்க. ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. சனிக்கிழமை ஜன்னலோரக் கட்டில் உனக்குத்தான். திங்கக்கிழமை நானே குழுகிட்டச் சொல்றேன், 'அவரைப் புடிச்சு இழுக்காதீங்க, பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாரு'ன்னு. என்ன வாசனை இது! வான்கோழிய வெளிய எடுத்துட்டியா? ஏய் ஸ்மோக்கி! மேசையிலேருந்து மூக்கை எடு நாயே! விடு! விடு! விடு!

— கத்தாத கஸ், நம்ம நாய் இன்னும் சின்னது. போயிருச்சு.

— வான்கோழிக் காலை மோந்து பாத்துருச்சு. நல்லவேளை, பாத்துட்டேன். என்ன பெர்னி, ஏன் அப்படிப் பாக்குற?

— ஒண்ணுமில்ல. எனக்கு ஒரே ஒரு விஷயம் விளக்கிச் சொல்லு. இதோ கிழங்கு, இதான் பந்து. இது நம்ம பக்கம், இது அவங்க பக்கம். எமில் என்ன தப்பு பண்ணான்?

— அக்கா, வேணாம்.

— நீ சும்மா இரு. கஸ், நீ கோச். பதினோரு வருஷமா இந்த ஊருப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குற. எனக்கும் சொல்லிக் குடு. அவங்க உதைச்சாங்க. பத்து கெஜம் தாண்டுச்சு. அப்புறம் யாரு எடுக்கலாம்?

— அது… யாரு உனக்கு இதெல்லாம்… மச்சான், நீ சொன்னியா?

— கிழங்கைப் பாத்துச் சொல்லு.

— பெர்னி, இங்க பாரு. அதைக் கெளறாத. கெளறாத.

— அப்ப உனக்குத் தெரியும்.

— அன்னிக்கே தெரியும். நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்திட்டு இவன்கிட்டப் போனேன். கத்தத்தான் போனேன். இவன் காதோட சொன்னான், 'அது பொதுப் பந்து, கஸ்'னு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தச் சட்டத்தைப் படிச்சிருக்கேன், எப்பவோ படிச்சிருக்கேன். நான் கோச்சா இருக்குற இத்தனை வருஷத்துல அப்படி ஒரு உதை ஒரே ஒரு தடவ வந்திருக்கும். பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்ல.

— தெரிஞ்சும் ஒரு வாரமா ஊருக்குள்ள எமில்தான் தப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச.

— யாருக்காகச் சொன்னேன்? எனக்காகவா? நேட்டுக்காக! பந்தை விட்டது அவன்னு தெரிஞ்சா அவன் கதி என்ன? இவனுக்கு வயசாச்சு, பல்லு புடுங்குறவன், தாங்குவான். அவன் தாங்குவானா? சொல்லு மச்சான், நீயே சொல்லு. நீயும் அதுக்குத்தானே ஒத்துக்கிட்ட?

— அதுக்குத்தான்.

— பாத்தியா! ரெண்டு பேரும் பையனுக்காகத்தான். பையனுக்காகத்தான், பெர்னி.

— 'விஷம்'னு கத்துனது யாரு?

— என்ன?

— குனிஞ்சவனை நிமுத்துனது ஒரு சத்தம். யாரோடது?

— அந்தக் கூச்சல்ல யாருக்குத் தெரியும்? ஓரத்துல நின்ன பசங்க யாராவது கத்தியிருப்பானுங்க. எனக்குக் கேக்கல. கேக்கல, கேக்கல.

— எமிலுக்குக் கேட்டுச்சு.

— மச்சான்?

— நான் பந்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், கஸ்.

— அவன் சொல்ல மாட்டான். நேட்டும் சொல்ல மாட்டான். 'யாரும் கத்தலம்மா, நானாத்தான் விட்டேன்'னு உன் வண்டியோட பின்விளக்கைப் பாத்துக்கிட்டே எங்கிட்டப் பொய் சொன்னான். 'அப்பாகிட்டச் சொல்லாதீங்க மாமா'ன்னு இவன் வீட்டுல நின்னு கெஞ்சியிருக்கான்.

— பெர்னி, அவன் பயந்து போயி…

— பயந்தா? தொட்டில்ல கெடந்த காலத்துலேருந்து கேக்குற குரலு அவனுக்குத் தெரியாதா? எதுன்னாலும் மூணு தடவ சொல்றவன் இந்த ஊருல எத்தனை பேரு இருக்காங்க? ரெண்டு மணிக்கு மேசையில உன் முறை வர்றப்ப, கஸ், வான்கோழிக்கு நன்றி சொல்லாத, எனக்குச் சொல்லாத, எமிலுக்கும் சொல்லாத. உன் மகனுக்குச் சொல்லு. நீ அவனைக் காப்பாத்திக்கிட்டு இருக்குறதா நெனச்ச இந்த ஒரு வாரமும், கத்துனது நீன்னு தெரிஞ்சு உன் வேலை போயிரக் கூடாதுன்னு அவன்தான் உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கான்.